குழந்தைகளுக்குச் சூழல் மண்டலத்தையும் சுற்றுச்சூழல் பராமரிப்பையும் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோரும் ஆசிரியர்களும் குழந்தைகளுடன் இயற்கையைப் பற்றிப் பேச முற்படும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். 'குப்பை போடாதே', 'தண்ணீரை வீணாக்காதே' போன்ற விதிகளிலிருந்து தொடங்காமல், எந்த உயிர் எதை நம்பி வாழ்கிறது என்னும் உறவுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த விடைகள் அனைத்துக்கும் அடிப்படையான என் கருத்து. உறவு புரிந்துவிட்டால் விதியின் காரணத்தைக் குழந்தையே கண்டுகொள்ளும். விதியை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை, கண்காணிப்பவர் இல்லாத இடத்தில் அதை மறந்துவிடக்கூடும்.

சூழல் மண்டலம் என்றால் என்ன என்று ஏழு வயதுக் குழந்தை கேட்டால் எப்படி விளக்குவது?

வரையறையை ஒப்பிக்க வேண்டாம். ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். நிழலில் நெடுநாள் கிடந்த கல்லின் அடியில் ஈரம் இருக்கும். எறும்போ மரவட்டையோ மண்புழுவோ இருக்கும். மட்கிய இலைத் துணுக்குகளும் வெண்ணிறப் பூஞ்சை இழைகளும் தென்படலாம். 'இவை ஏன் கல்லின் மேல் இல்லாமல் அடியில் இருக்கின்றன?' என்று கேட்டால், வெயில் படாததால், ஈரம் இருப்பதால், ஒளிந்துகொள்ள முடிவதால் என்று குழந்தையே ஒவ்வொரு காரணமாகச் சொல்லத் தொடங்கும். அங்கே வாழும் உயிர்கள், அவற்றுக்குத் தேவையான ஈரம், வெப்பம், மண், வெளிச்சம், அவற்றுக்கிடையே இடைவிடாமல் நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் சூழல் மண்டலம் என்பதை அதன் பிறகு சொல்லலாம்.

பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935ஆம் ஆண்டில் இந்தக் கருத்தை முன்வைத்தபோது வலியுறுத்தியதும் இதுவே: உயிரினங்களை அவை வாழும் மண், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. விலங்குகளின் படங்களை ஒட்டிவிட்டு 'இது காட்டுச் சூழல் மண்டலம்' என்று எழுதும் பாடங்களில், உயிரற்ற பகுதி முழுவதும் விடுபட்டுப் போகிறது. கல்லை முன்பிருந்தபடியே மெதுவாகத் திருப்பி வைப்பதையும் பாடத்தின் பகுதியாகவே கொள்ளுங்கள். அந்த ஈரம் காய்ந்துவிட்டால் அங்கிருந்த உயிர்களுக்கு வீடு இல்லை.

எந்த வயதில் எதைக் கற்பிக்கலாம்?

ஆறு, ஏழு வயது வரை அறிமுகம் போதும். தொடுவதும் முகர்வதும் கேட்பதும், ஒரு புழு இலையைத் தின்பதை அது முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த வயதுக்கு உரிய படிப்பு. ஏழிலிருந்து பதினொன்று வரையிலான வயதில் குழந்தைகளுக்கு வகைப்படுத்துவதிலும் எண்ணுவதிலும் பதிவு செய்வதிலும் ஆர்வம் மிகும். எது எதைத் தின்கிறது, எது எங்கே முட்டையிடுகிறது, எந்த மாதத்தில் எது பூக்கிறது என்னும் உறவுகளை அப்போது கற்பிக்கலாம். நீர்ச் சுழற்சி, கார்பன் சுழற்சி, மாசு, காலநிலை மாற்றம், மனிதர்கள் எடுக்கும் முடிவுகள் ஆகியவற்றைக் காரண காரியத்தோடு அலசுவதற்குப் பன்னிரண்டு வயதுக்குப் பின் வரும் காலம் ஏற்றது. இந்த எல்லைகள் கறாரானவை அல்ல. குழந்தை முன்கூட்டியே கேட்டால் முன்கூட்டியே விடை சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1990களில் ஓர் எச்சரிக்கையை எழுப்பினார்: தன் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு மரத்தோடுகூடப் பழகாத சிறு குழந்தையிடம் தொலைதூர மழைக்காடுகள் அழிவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், இயற்கை என்பது வலியும் பயமும் தரும் ஒன்று என்று அந்தக் குழந்தை விலகிப் போய்விடும். இது சரியென்றே நானும் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டைச் சுற்றிக் கட்டடங்கள்தான் இருக்கின்றன. காடும் ஏரியும் இல்லாத இடத்தில் எதைக் காட்டுவது?

காட்டுக்கு ஒருமுறை சுற்றுலா போவதைவிட, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதிகம் கற்பிக்கும். சுவர் விரிசலில் முளைத்த செடி, நடைபாதையோர மரம், மாடியில் மழைநீர் தேங்கிக் காயும் மூலை ஆகியவற்றில் எதுவாயினும் போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு பக்கங்களைக் கயிற்றால் சதுரமாக வளைத்து, அதற்குள் இருக்கும் செடி வகைகளையும் சிற்றுயிர்களையும் குழந்தையை எண்ணச் சொல்லுங்கள். சூழலியல் ஆய்வாளர்கள் களத்தில் பயன்படுத்தும் முறையும் இதுதான். அதே சதுரத்தை மழைக்குப் பின்பும், வறண்ட காலத்திலும், இரவில் கைவிளக்கோடும் பார்க்கும்போது பட்டியல் மாறும். ஏன் மாறியது என்று குழந்தை கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் சூழலியல் தொடங்குகிறது.

மரப்பட்டையிலும் பழைய சுவரிலும் சாம்பல், பச்சை, மஞ்சள் நிறங்களில் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும் லைக்கன்களையும் காட்டுங்கள். அவை தனியொரு செடி அல்ல. பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டு வாழ்க்கை. பூஞ்சை இருப்பிடத்தையும் ஈரத்தையும் காக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவைத் தயாரிக்கிறது. வேர் இல்லாததால் லைக்கன்கள் தமக்கு வேண்டியவற்றைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் நேரடியாக உறிஞ்சுகின்றன. ஆகவே காற்றில் கந்தக டை ஆக்சைடு மிகுந்தால் பல வகைகள் அழிந்துவிடுகின்றன. வில்லியம் நைலாண்டர் என்னும் பின்லாந்து அறிஞர் 1866ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத் தோட்டத்து லைக்கன்களை ஆராய்ந்து, அவற்றின் இருப்பைக் காற்றின் தூய்மையோடு தொடர்புபடுத்தினார். போக்குவரத்து மிகுந்த சாலையோர மரத்தையும் உள்ளொதுங்கிய தெருவின் மரத்தையும் ஒப்பிட்டு லைக்கன் திட்டுகளை எண்ணுவது, கருவி எதுவும் தேவைப்படாத நல்ல ஆய்வு. பட்டையின் வகையும் நிழலும்கூட எண்ணிக்கையை மாற்றும் என்பதால், இரண்டும் ஒரே வகை மரங்களாக இருப்பது நல்லது.

உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது குழந்தைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

முதல் தடுமாற்றம் அம்புக்குறியில். 'தவளை பூச்சியைத் தின்கிறது' என்று நினைக்கும் குழந்தை, தவளையிலிருந்து பூச்சியை நோக்கி அம்பு போடும். அம்பு காட்டுவது ஆற்றல் செல்லும் திசையை. எனவே அது தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிச் செல்ல வேண்டும். இதை ஒருமுறை விளக்கினால் போதாது, ஒவ்வொரு படத்திலும் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, புலியும் பருந்தும் ஏன் குறைவாக இருக்கின்றன என்பது. ஓர் உயிர் தான் உண்ட உணவின் ஆற்றலில் பெரும்பகுதியை இயங்குவதற்கே செலவிடுகிறது, மேலும் ஒரு பகுதி வெப்பமாகவும் கழிவாகவும் வெளியேறுகிறது. சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அளவே அடுத்த நிலைக்குப் போய்ச் சேருகிறது. ஆயிரம் மணிகளை எடுத்துக்கொண்டு, தாவரத்திடம் ஆயிரம், புழுவிடம் நூறு, சிறு பறவையிடம் பத்து, பருந்திடம் ஒன்று என்று வைத்துக் காட்டினால், வேட்டை விலங்கு ஒன்று வாழ எவ்வளவு பெரிய பசும்பரப்பு தேவை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, பொருளும் ஆற்றலும் ஒரே மாதிரி சுழல்கின்றன என்னும் எண்ணம். நீரும் கார்பனும் நைட்ரஜனும் மீண்டும் மீண்டும் சுழல்கின்றன. ஆற்றல் சூரியனிலிருந்து வந்து, உயிர்களின் வழியாகப் பாய்ந்து, வெப்பமாகி வெளியேறிவிடுகிறது. அது திரும்பி வருவதில்லை. வளர்ந்த மாணவர்களிடமும் இந்தக் குழப்பம் இருக்கும்.

செடி தன் உணவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று குழந்தை சொல்கிறது. எப்படித் திருத்துவது?

பதினேழாம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர் செய்த சோதனையைக் கதையாகச் சொல்லுங்கள். ஏறத்தாழ 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, அதில் 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 76 கிலோவாக வளர்ந்திருந்தது. மண்ணோ ஏறத்தாழ 60 கிராம் மட்டுமே குறைந்திருந்தது. 'அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டுவிட்டு, விடை சொல்ல அவசரப்படாமல் காத்திருங்கள். முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று ஹெல்மான்ட் முடிவு செய்தார். அது பாதி விடைதான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீரும் சூரிய ஒளியின் துணையால் சர்க்கரையாகி, அதிலிருந்தே மரம் தன் உடலைக் கட்டுகிறது என்பதைப் பின்வந்தவர்கள் கண்டறிந்தார்கள். மண் தருவது தாது உப்புகளை. அவை அளவில் சிறியவை, ஆனால் இன்றியமையாதவை. மரக்கட்டையின் பெரும்பகுதி ஒருகாலத்தில் காற்றாகவும் நீராகவும் இருந்தது என்பது புரிந்தால், பிற்காலத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஓர் உயிரினம் அழிந்தால் உண்மையில் என்னதான் ஆகும்?

எந்த உயிரினம் என்பதைப் பொறுத்தது. குழந்தைகளை வட்டமாக நிற்க வைத்து, ஒருவரை மீன், ஒருவரைக் கொக்கு, ஒருவரைப் பாசி என்று பெயரிட்டு, நூலால் இணைத்து, ஒருவர் நூலை விட்டதும் வலை தளர்வதைக் காட்டும் விளையாட்டு பல வகுப்பறைகளில் நடக்கிறது. நல்ல விளையாட்டுதான்; ஆனால் எல்லா இழைகளும் ஒரே வலிமை உடையவை என்னும் தவறான எண்ணத்தை அது விதைத்துவிடும். ஆகவே விளையாட்டு முடிந்ததும் உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

1960களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் ராபர்ட் பெய்ன் என்னும் சூழலியலாளர் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றிவந்தார். நட்சத்திர மீனின் முக்கிய இரையான மட்டிகள், தடுப்பார் இல்லாமல் பாறை முழுவதையும் ஆக்கிரமித்தன. 15 ஆக இருந்த உயிரின வகைகள் 8 ஆகக் குறைந்தன. எண்ணிக்கையில் சிறிதாக இருந்தும் தன் சூழல் மண்டலம் முழுவதையும் தாங்கி நிற்கும் இத்தகைய உயிரினத்தை ஆதார இனம் என்கிறோம். வட பசிபிக் கடலில் கடல்நீர்நாய்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகியபோதும் இதே போன்றுதான் நடந்தது: அவை தின்றுவந்த கடல் முள்ளெலிகள் (உடலெங்கும் முட்கள் கொண்ட சிறு கடலுயிர்கள்) பெருகி, நீருக்கடியில் காடுபோல் வளர்ந்திருந்த கெல்ப் பாசிகளை மேய்ந்து தீர்த்தன, அந்தப் பாசிக் காட்டை நம்பியிருந்த மீன்களும் இடமிழந்தன.

சீனாவில் 1958ஆம் ஆண்டில் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியும் தானியத்தைத் தின்னும் எதிரி என்று அறிவிக்கப்பட்டுக் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டது. குருவிகள் தானியத்தோடு பூச்சிகளையும் தின்றன என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. பயிர்ப் பூச்சிகள் பெருகிய பின், 1960இல் குருவியின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

தெற்காசியாவின் பாறு கழுகுகளின் கதையைச் சற்றே வளர்ந்த குழந்தைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1990களில் தொடங்கி மூன்று வகைப் பாறு கழுகுகள் 95 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்துபோயின. கால்நடைகளுக்கு வலி போக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த கால்நடையின் உடலில் எஞ்சியிருந்து, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் உறுதியானது. 2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் கால்நடைகளுக்கான அந்த மருந்தைத் தடைசெய்தன. மாட்டின் வலியைப் போக்க விரும்பியவர் எவரும் கழுகுக்குத் தீங்கு நினைக்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது, தொடர்புகளைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

சிதைவையும் மட்குதலையும் எப்படிக் காட்டுவது? குழந்தைகள் அருவருப்படைகிறார்களே?

உண்மையில் அருவருப்படைபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். ஓர் இலை, ஒரு பருத்தித் துணித் துண்டு, ஒரு காகிதத் துண்டு, ஒரு பிளாஸ்டிக் துண்டு ஆகியவற்றை மண்ணில் ஒரே ஆழத்தில் புதைத்து, குச்சி நட்டு அடையாளமிட்டு, மாதத்துக்கு ஒருமுறை தோண்டிப் பாருங்கள். ஈரமான மண்ணில் ஒன்றும் வறண்ட மண்ணில் ஒன்றுமாக இரண்டு குழிகள் இருந்தால், சிதைவுக்கு நீர் ஏன் தேவை என்பதும் தெரியவரும்.

இலைச்சருகில் யார் வாழ்கிறார்கள் என்பதைக் காண, இத்தாலியப் பூச்சியியலாளர் அன்டோனியோ பெர்லீஸ் பெயரால் வழங்கும் புனல் முறை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, அதன் உள்ளே கம்பி வலையை வைத்து, அதன்மேல் ஈரச் சருகை நிரப்பி, மேலே ஒரு விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சத்தையும் வெப்பத்தையும் விட்டு விலகிக் கீழே நகரும் சிற்றுயிர்கள், அடியில் வைத்த கிண்ணத்தின் ஈரத்தாளில் வந்து விழும். ஒரு கைப்பிடிச் சருகிலிருந்து இறங்கி வரும் உயிர்களின் எண்ணிக்கை, முதன்முறை பார்ப்பவர் எவரையும் வாயடைக்கச் செய்யும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, படம் வரைந்து, அவற்றை அதே இடத்தில் கொண்டுபோய் விடுங்கள்.

மண்புழுவைப் பற்றிப் பேசும்போது சார்லஸ் டார்வினைக் குறிப்பிடலாம். 1842இல் ஒரு வயலின்மேல் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகளுக்குப் பின் அங்கே குழி வெட்டியபோது, அவை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதைக் கண்டார். அவற்றின் மேலிருந்த மண், மண்புழுக்கள் கீழிருந்து விழுங்கி மேலே கொண்டுவந்து கழித்த மண். ஒரு கேள்விக்காக 29 ஆண்டுகள் காத்திருந்த மனிதரைக் குழந்தைகள் மறப்பதில்லை.

மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்ப்பது பயனுள்ளதா?

ஆம். அடியில் கூழாங்கல், அதன்மேல் மண், ஈரத்தை விரும்பும் சிறு செடியோ பாசியோ வைத்து, அளவாக நீர் தெளித்து மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால், இலைகள் வெளியிடும் நீராவி கண்ணாடியில் துளிகளாகி மீண்டும் மண்ணில் இறங்குவதை நாள்தோறும் பார்க்கலாம். நீர்ச் சுழற்சியை இதைவிட நேராகக் காட்ட முடியாது. மூடிய குடுவையிலும் வெளியிலிருந்து வந்தாக வேண்டிய ஒன்று உண்டு, அது ஒளி. அதைக் குழந்தையையே கண்டுபிடிக்க விடுங்கள். விலங்குகளை மட்டும் உள்ளே அடைக்காதீர்கள்.

தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதை எப்படி உணர்த்துவது?

ஒரு லிட்டர் நீரை எடுத்துக்கொண்டு, 'இதுதான் உலகின் மொத்த நீர்' என்று சொல்லுங்கள். அதில் 25 மில்லிலிட்டரைத் தனியே எடுத்தால் அதுவே நன்னீர், மீதி உப்புநீர். அந்த 25இல் ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் பனிப்பாளங்களில் உறைந்திருக்கிறது. 7 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் நிலத்தடியில் இருக்கிறது. ஆறு, ஏரி, சதுப்புநிலம், மண்ணின் ஈரம் எல்லாவற்றுக்கும் எஞ்சுவது சில துளிகள். அந்தத் துளிகளை ஓர் உள்ளங்கையில் விட்ட பிறகு, அறிவுரை எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பூச்சிகளையும் பாம்புகளையும் கண்டு பயப்படும் குழந்தையை என்ன செய்வது?

வற்புறுத்தித் தொட வைக்காதீர்கள். தொலைவிலிருந்து பார்த்து, அது என்ன செய்கிறது என்று விவரிக்கச் சொல்லுங்கள். கவனம் கூடக்கூடப் பயம் தளரும். குழந்தை முதலில் பார்ப்பது பூச்சியை அல்ல, உங்கள் முகத்தை. நீங்கள் அலறினால் அதுவும் அலறக் கற்றுக்கொள்ளும். அதே வேளையில் எச்சரிக்கையும் தேவை. பாம்பு, தேனீக்கூடு, தெரியாத காளான், தெரியாத காய் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கல்லைப் பெரியவர்தான் புரட்ட வேண்டும். தமக்கு அப்பால் உள்ள விளிம்பைக் குச்சியால் நெம்பித் தம் பக்கமாகத் தூக்கினால், அடியிலிருந்து வெளிவருவது எதிர்த்திசையில் போகும். வீடு திரும்பியதும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

உயிர்களைப் பிடித்து வளர்க்கவோ, வளர்த்ததை வெளியே விடவோ செய்யலாமா?

சில மணி நேரம் வைத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். ஆனால் விலைக்கு வாங்கி வளர்த்த மீனையும் ஆமையையும் நீர்ச்செடியையும் ஆற்றிலோ குளத்திலோ விடவே கூடாது. அதற்கு விடுதலை கொடுப்பதாகக் குழந்தை நினைக்கும். அந்த இரக்கத்தை மதித்து, ஏன் கூடாது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். கரும்பைத் தாக்கும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கேன் டோட் என்னும் தேரைகளைக் கொண்டுவந்தார்கள். அவை வண்டுகளை ஒழிக்கவில்லை. தாமே பெருகிப் பரவின. அவற்றின் தோல் நஞ்சுக்குப் பழகியிராத உள்ளூர் வேட்டை விலங்குகள் அவற்றைத் தின்று மடிந்தன.

மரம் நடுவதே சிறந்த சுற்றுச்சூழல் பாடம் அல்லவா?

நடுவதைவிட, நட்டதை இரண்டு மூன்று ஆண்டுகள் காப்பாற்றுவதே பாடம். படம் எடுத்துக்கொண்டு கைவிட்ட கன்று குழந்தைக்குக் கற்பிப்பது வேறொன்றை. மேலும், எந்த மரம், எங்கே என்னும் கேள்விகளைக் கேட்காமல் நடக் கூடாது. புல்வெளி என்பது மரம் இல்லாத வெற்று நிலம் அல்ல. புல்லை நம்பி வாழும் பறவைகளும் மான்களும் பூச்சிகளும் கொண்ட தனிச் சூழல் மண்டலம் அது. அங்கே மரங்களை நெருக்கி நட்டால் அந்த உயிர்கள் இடமிழக்கும். அந்தந்த நிலத்துக்குரிய மரவகைகளைத் தேடி நடும்போது, அவற்றோடு பழகிய பூச்சிகளும் பறவைகளும் பின்னாலேயே வரும்.

மரங்கள் மட்டுமே நமக்கு ஆக்சிஜன் தருகின்றன என்னும் பேச்சையும் திருத்துங்கள். ஒளிச்சேர்க்கையால் உலகில் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதி, கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. மரங்களின் சிறப்பைச் சொல்ல நிழல், மண் காப்பு, நீர், இருப்பிடம், கார்பன் சேமிப்பு என்று உண்மையான காரணங்களே ஏராளமாக உள்ளன.

குப்பையைப் பிரித்துப் போடக் கற்றுக்கொடுத்தால் போதாதா?

தேவைதான், ஆனால் அது வரிசையின் கடைசிப் படி. 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எனவே முதலில் வாங்காமல் இருப்பது, அடுத்து மீண்டும் பயன்படுத்துவது, பழுதுபார்ப்பது, அதன் பிறகே மறுசுழற்சி என்னும் வரிசையைக் கற்பியுங்கள்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசினால் குழந்தை பயந்துவிடுகிறது. மறைத்துவிடலாமா?

மறைக்க முடியாது, எப்படியும் அவர்கள் காதில் விழும். பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், 59 விழுக்காட்டினர் தாம் மிகவும் அல்லது அளவுகடந்து கவலைப்படுவதாகத் தெரிவித்தார்கள். இந்தக் கவலை அறியாமையின் விளைவு அல்ல. அதை 'ஒன்றும் ஆகாது' என்று துடைத்துவிட முயன்றால் குழந்தை நம்மிடம் பேசுவதைத்தான் நிறுத்தும். முதலில் குழந்தை என்ன கேள்விப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். தவறானதைத் திருத்துங்கள். உண்மையானதை உண்மை என்று ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்ய யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு நடந்த வெற்றி ஒன்று இருக்கிறது. அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் படலம் கடுமையாகத் தேய்வதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்டார்கள். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களே காரணம் என்று தெரிந்தது. 1987இல், அவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. படலம் மெல்ல மீண்டுவருகிறது. அன்டார்க்டிகாவின் மேல் அது 2066 வாக்கில் 1980ஆம் ஆண்டின் நிலையை எட்டும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள். ஓசோன் தேய்வும் புவி வெப்பமாதலும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதை இந்த இடத்திலேயே தெளிவுபடுத்திவிடுங்கள். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் உள்ளே வருவதால்தான் பூமி சூடாகிறது என்று பல மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் குழந்தையின் தோளில் ஏற்ற வேண்டாம். 'எதிர்காலம் உங்கள் கையில்' என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இன்றைய முடிவுகளை எடுப்பவர்கள் பெரியவர்கள்; அதைக் குழந்தையின் முன் நாம் ஒப்புக்கொள்வதே நேர்மை.

திரையிலும் செயலிகளிலும் இயற்கையைக் கற்கலாமா?

வெளியே அழைத்துச் செல்லும் திரை நல்லது. வெளியே போவதற்கு மாற்றாக நிற்கும் திரை நல்லதல்ல. 2002இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், எட்டு வயதுக் குழந்தைகள் போகிமான் என்னும் விளையாட்டு அட்டைகளின் கற்பனைப் பாத்திரங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடையாளம் கண்டார்கள். தம் நாட்டின் பொதுவான உயிரினங்களிலோ ஏறத்தாழ பாதியை மட்டுமே அடையாளம் கண்டார்கள். நூற்றுக்கணக்கான பெயர்களை நினைவில் வைக்கும் திறன் அவர்களிடம் இருக்கிறது என்பதே எனக்கு இதில் முக்கியமாகத் தெரிகிறது. அந்தத் திறனுக்கு உயிருள்ளவற்றை அறிமுகப்படுத்துவது நம் வேலை.

2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில், எடுத்த படத்தைப் பதிவேற்றினால் பிறர் அடையாளம் காண உதவுவார்கள். அந்தப் பதிவுகள் ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன. குழந்தைகளின் பெயரையும் வீட்டின் இருப்பிடத்தையும் வெளியிடாமல் பெரியவரின் கணக்கில் பதிவிடுங்கள். சிறுவர்களின் பதிவு அறிவியலுக்கு உதவுமா என்று ஐயப்படுபவர்களுக்கு மொனார்க் பட்டாம்பூச்சியின் கதை விடை சொல்லும். அவை குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்பதைக் கனடா அறிஞர் ஃபிரெட் உர்குவார்ட் பல ஆண்டுகளாகத் தேடினார். தன்னார்வலர்கள் பட்டாம்பூச்சிகளின் சிறகில் சிறு அடையாளச் சீட்டுகளை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெக்சிகோ மலைக்காட்டில் அவர் கண்டெடுத்த ஒரு பட்டாம்பூச்சியின் சிறகிலிருந்த சீட்டு, முந்தைய கோடையில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஆசிரியரும் இரு மாணவர்களும் ஒட்டியது.

எனக்கே பறவைகளின் பெயரும் செடிகளின் பெயரும் தெரியாது. நான் எப்படிக் கற்பிப்பது?

'எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து கண்டுபிடிப்போம்' என்று சொல்லுங்கள். பெயர் தெரியும் வரை குழந்தை வைக்கும் பெயரே போதும். நிறம், அளவு, இடம், செய்யும் வேலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

குழந்தை உண்மையிலேயே புரிந்துகொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வரையறையைக் கேட்டுச் சோதிக்க வேண்டாம். முன்பின் பார்த்திராத ஒரு நிலைமையைக் கொடுத்து, என்ன நடக்கும் என்று கேளுங்கள். 'இந்தக் குளத்தில் தவளைகள் இல்லாமல் போனால்?' என்று கேட்டால், தொடக்கத்தில் 'தவளையைத் தின்னும் பாம்பு பட்டினி கிடக்கும்' என்று ஒரே திசையில் விடை வரும். சில மாதங்கள் கழித்து அதே கேள்விக்கு, பூச்சிகள் பெருகலாம், தலைப்பிரட்டைகள் மேய்ந்துவந்த பாசி அதிகமாகலாம், பாம்பு வேறு இரையைத் தேடலாம், தவளைகள் ஏன் மறைந்தன என்பது தெரிந்தால்தான் மேலும் சொல்ல முடியும் என்று பல திசைகளில் விடை விரியும். கடைசியாகச் சொன்ன அந்த எதிர்க்கேள்வியைக் குழந்தை தானாகக் கேட்டுவிட்டால், அடுத்தமுறை அதை ஒரு குளத்துக்கே அழைத்துச் சென்று, நீரின் நிறத்தையும் நாற்றத்தையும், அங்கே தும்பிகள் பறக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.